மகள் ஒரு நாளைக்கு நாலு முறை எடை பார்க்கிறாள், சோறு வேண்டாம் என்கிறாள்

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் ஒரு அம்மாவின் கேள்வி இது. மகளுக்கு 14 வயது, உயர்நிலை இரண்டு. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அத்தை, "என்னடி, கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பிள்ளை சோறு தொடுவதில்லை. காலை, பள்ளி விட்டு வந்ததும், குளிக்கும் முன், தூங்கும் முன் என்று நாலு முறை எடை பார்க்கிறாள். இந்த வெயிலிலும் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை. தம்பிக்கு பிரௌனி செய்து கொடுக்கிறாள், தான் ஒரு துண்டு எடுப்பதில்லை. அப்பா "நல்லதுதானே, உடம்பைப் பார்த்துக்கிறா" என்கிறார். பாட்டியோ "கண்ணு உள்ள போயிருச்சே" என்று அழுகிறார். மருத்துவரிடம் போக வேண்டுமா, வயசுக்கு வரும் கோளாறுதானா, அவளிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: அடுத்த மாதம் உறவில் நிச்சயதார்த்தம், ரவிக்கைக்கு அளவு கொடுக்கக் கூட்டிப்போகவே பயமாக இருக்கிறது.

இருபது வருடமாக டயட்டீஷியனாக இருக்கிறேன், பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன். முதல் கேள்விக்குச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது உணவுப் பழக்கக் கோளாறாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள், இந்த வாரமே. தீபாவளியிலிருந்து எண்ணினால் மூன்று மாதம் ஆகிறது. வளர்கிற பிள்ளைக்கு அது சின்னக் காலம் இல்லை.

போவதற்கு முன் சிலவற்றைக் கவனித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது? (முன்பு ஒழுங்காக வந்துகொண்டிருந்து மூன்று மாதம் நின்றிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.) எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா? சீப்பில் முடி கொத்தாக வருகிறதா? மலச்சிக்கல் உண்டா? சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாளா? அந்த ஜாக்கெட்டையும் உடம்பை மறைக்கத்தான் போடுகிறாள் என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு போதாத உடம்பு சூட்டை மிச்சம்பிடிக்கும், கைகால் சில்லிட்டுப்போகும். துணைப்பாட வகுப்பு ஏர்கானில் எல்லாப் பிள்ளைகளும் ஜாக்கெட்டோடுதான் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வீட்டில் காற்றாடி மட்டும் ஓடும்போது, எதையாவது கொடுக்கும் சாக்கில் அவள் விரலைத் தொட்டுப் பாருங்கள்.

மருத்துவர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்ப்பார். இரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவையும் பார்க்கச் சொல்லலாம், தேவைப்பட்டால் இதயத்துக்கு ஒரு இசிஜி எடுப்பார்கள். பகலில் விழித்திருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே போயிருந்தால் மருத்துவமனையில் சேர்ப்பதைப் பற்றிக்கூடப் பேசுவார்கள். "இவ ஒல்லியாவே இல்லையே, இவளுக்கா?" என்று அப்பா கேட்கக்கூடும். பருமனாக இருந்த பிள்ளை மளமளவென்று எடை குறைந்தாலும் இதயம் அதே மாதிரிதான் அடிபடும். பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்த பிள்ளைகள் தாமதமாக வந்து சேர்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். "நல்லா மெலிஞ்சிட்டியே" என்று ஊரே பாராட்டிக்கொண்டிருந்திருக்கும்.

பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) உங்கள் குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் கிடைக்கும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலும் உணவுப் பழக்கக் கோளாறுக்கென்றே குழுக்கள் இருக்கின்றன. மருத்துவர், டயட்டீஷியன், மனநல ஆலோசகர் எல்லாரும் சேர்ந்து பார்ப்பார்கள். பள்ளி ஆலோசகரிடமும் சொல்லி வையுங்கள், இடைவேளையில் அவள் எங்கே போகிறாள் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். காத்திருக்கும் நாட்களில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1771 தேசிய மனநல உதவி எண் இருக்கிறது, 24 மணி நேரமும். மயங்கி விழுந்தாலோ, உயிரை விடுவது பற்றிப் பேசினாலோ எந்தக் கடிதமும் வேண்டாம். நேராக அவசரப் பிரிவு, இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

இனி அப்பாவின் "நல்லதுதானே". அவருக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்லுங்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், நல்ல உடல்நலத்தோடு இருந்த 36 ஆண்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரை வயிற்றோடு இருந்தார்கள். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஆய்வு. நடந்தது என்ன தெரியுமா? அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள்கூட சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டைக் கிளறிக் கிளறி நெடுநேரம் சாப்பிட்டார்கள். சிடுசிடுத்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. அவர்கள் யாருக்கும் உடம்பு மெலிய வேண்டும் என்ற எண்ணமே இருந்ததில்லை. உங்கள் மகள் பிரௌனி சுட்டுத் தம்பிக்கு ஊட்டிவிட்டுத் தான் தொடாமல் இருப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அது வீம்பும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பசிக்கிறது. பசித்த மூளைக்கு எடையைத் தவிர வேறு எதிலும் பிடி கிடைப்பதில்லை. அதனால்தான் முதலில் சாப்பாடு, பேச்சு அப்புறம் என்று நாங்கள் சொல்வது.

பழியெல்லாம் அத்தை தலையில் விழுந்துகொண்டிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தை கொளுத்தியது ஒரு தீக்குச்சி. விறகு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அது சர்க்கரை நோயிலிருந்து வருகிறது. சிங்கப்பூரில் நீரிழிவு அதிகம் உள்ள சமூகங்களில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம். 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. அந்தப் போர் நம் சாப்பாட்டு மேசையிலேயே நடக்கிறது. தாத்தா இன்சுலின் போட்டுக்கொண்டு "சோறுதான் விஷம்" என்பார். அப்பா கோப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத "கோப்பி ஓ கோசோங்" சொல்லிவிட்டு "இந்த வயசுல இதுகூட குடிக்க முடியல" என்று புலம்புவார். அம்மா இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சப்பாத்தி மட்டும் சாப்பிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு 14 வயது. தாத்தாவின் கணையத்துக்குச் சொன்னதைத் தன் உடம்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறாள். 2022 டிசம்பரிலிருந்து பானங்களின் மேல் ஏ, பி, சி, டி என்று போடுகிறார்களே, அதையும் நம் பிள்ளைகள் தேர்வு மதிப்பெண் மாதிரியே படிக்கிறார்கள். சர்க்கரை, கொழுப்பு அளவுக்கான அடையாளம் அது. "டி குடிச்சா நான் ஃபெயிலா?" என்று ஒரு பிள்ளை என்னிடம் நிஜமாகவே கேட்டாள்.

ஆகவே வீட்டுக்கு ஒரு விதி வையுங்கள், பெரியவர்கள் உட்பட: யார் உடம்பைப் பற்றியும் பேச்சு இல்லை. குண்டு, ஒல்லி, கருத்துப்போச்சு, வெளுத்துப்போச்சு எதுவும் வேண்டாம். தொலைக்காட்சியில் வருகிற நடிகை உடம்பும் வேண்டாம், உங்கள் சொந்த உடம்பும் வேண்டாம். கடைசி ஒன்றுதான் அம்மாக்களுக்குக் கஷ்டம். கண்ணாடி முன்னால் நின்று "இந்தத் தொப்பை குறைய மாட்டேங்குதே" என்று நாம் சொல்வதெல்லாம் அடுத்த அறையில் கேட்கும். பாராட்டும் இதில் அடக்கம். பாட்டியிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். "கண்ணு உள்ள போயிருச்சு" என்று அவர் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மெலிந்தால் எல்லாரும் நம்மைக் கவனிக்கிறார்கள் என்றுதான் பேத்தி காதில் அது விழும்.

எனக்கே ஒரு கதை உண்டு. இங்கே 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் எடை கூடிய பிள்ளைகளை மெலியவைக்க டாஃப் (TAF) என்று ஒரு திட்டம் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கலாம். அந்த மூன்று ஆங்கில எழுத்துகளையும் பின்னாலிருந்து வாசித்தால் குண்டு என்ற ஆங்கிலச் சொல் வரும். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. 1995இல் எனக்கு 13 வயது. இடைவேளையில் மற்றவர்கள் மீ சியாம் வரிசையில் நிற்க, நாங்கள் ஏழெட்டுப் பேர் திடலைச் சுற்றி ஓடுவோம். கேண்டீன் தூணில் சாய்ந்துகொண்டு பார்த்தவர்களின் முகம்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் மெலிந்தேன். ஓடியதால் இல்லை, மதியம் வரை பட்டினி கிடந்ததால். ஆண்டு இறுதியில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டில் அதைச் சட்டம்போட்டு மாட்டினார்கள். எப்படி மெலிந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, பேசுவது எப்படி? "நான் குண்டா அம்மா?" என்று அவள் கேட்டால் "இல்லடா செல்லம், நீ ஒல்லிதான்" என்றுதான் வாயில் வரும். அதில் பயன் இல்லை. பத்து நிமிடம் ஆறுதலாக இருக்கும், பிறகு திரும்பவும் கேட்பாள். அதோடு, குண்டாக இருப்பது பயப்பட வேண்டிய விஷயம்தான் என்று நீங்களும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எண்ணுக்குப் பதில் சொல்லாமல் அவளுக்குப் பதில் சொல்லுங்கள். "இன்னிக்கு அந்த நினைப்பு ரொம்ப இருக்கு போல. ஸ்கூல்ல ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வர நேரமாகும். காரிலோ, எம்ஆர்டியிலோ, துணி மடிக்கும்போதோ பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேச்சு வரும். எதிரில் உட்காரவைத்து "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பித்தால் கதவுதான் சாத்தப்படும்.

அத்தை சொன்னதையும் மூடி மறைக்க வேண்டாம். "அத்தை அப்படிச் சொன்னது தப்பு. நான் அங்கேயே தடுத்திருக்கணும், தடுக்கல. அது என் தப்பு" என்று ஒரு முறை சொல்லுங்கள். பிள்ளைகள் இந்த வாக்கியத்துக்காக எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மென்மையும் வேண்டும், பிடிவாதமும் வேண்டும். பிள்ளையைக் குறைசொல்லாமல், உணவுப் பொறுப்பைக் கொஞ்ச காலம் பெற்றோரே கையில் எடுத்துக்கொள்ளும் சிகிச்சை முறை ஒன்று 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. பதின்ம வயதினருக்கு இன்று பல நாடுகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது அதுதான். அதை முழுமையாக மருத்துவக் குழுவோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஆனால் அதன் அடிப்படையை இன்றே தொடங்கலாம். தட்டில் நீங்களே பரிமாறுங்கள். மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறு தீனி, நேரம் தவறாமல். கூடவே உட்காருங்கள், நீங்களும் அதையே சாப்பிடுங்கள். இதில் எத்தனை கலோரி என்று வாதாட வந்தால் வாதத்துக்குள் போகாதீர்கள், அந்தக் கணக்கில் அவளை வெல்ல முடியாது. "கஷ்டமா இருக்குன்னு தெரியுதுடா. அடுத்த வாய்" என்பது போதும். முதல் நாளே பிரியாணியை முன்னால் வைக்காதீர்கள். அவள் இன்னும் பயப்படாமல் சாப்பிடுவது எது? தோசையா, ரசமா, முட்டையா? அங்கிருந்து தொடங்கி வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். பள்ளிக்குக் கொடுத்துவிடும் டப்பா காலியாக வந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா, பள்ளிப் பையின் அடியில் டிஷ்யூவில் சுற்றிய இட்லிகளைக் கண்டெடுத்தார். நாலு நாள் இட்லி. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு திட்டவில்லை, குப்பையில் போட்டுவிட்டு மறுநாளிலிருந்து பள்ளி ஆலோசகர் அறையில் சாப்பிட ஏற்பாடு செய்தார். அதைவிட நல்ல முடிவு எனக்கும் தோன்றியிருக்காது.

எடைக்கருவியை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். ஒளித்துவைக்காதீர்கள், தேடிக் கண்டுபிடித்துவிடுவாள். "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்று பொய்யும் வேண்டாம். "இது உன்னைப் பாடாப் படுத்துது, கொஞ்ச நாள் மாமா வீட்ல இருக்கட்டும்" என்று சொல்லி எடுத்துப்போங்கள். எடை பார்ப்பது மருத்துவர் வேலை. எண் தெரியாதபடி திரும்பி நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னால் செய்வார்கள். அவள் துரத்தும் அந்த எண்ணில் பாதி வெறும் தண்ணீர்க் கணக்கு. இரவு ஒரு கிண்ணம் சூப் மீ சாப்பிட்டால் உப்புக்கு உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்து, மறுநாள் காலை ஒரு கிலோ கூடக் காட்டும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். இணையத்தில் பிஎம்ஐ கணக்குப் போட்டிருப்பாள். அதில் வரும் 23, 27.5 என்ற எல்லைகள் ஆசியப் பெரியவர்களுக்கு உரியவை. 14 வயதுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துப் பார்க்கும் வளர்ச்சி வரைபடம் தனியாக உண்டு. பூப்பெய்தும் காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது உடம்பு சரியாக வேலை செய்வதன் அடையாளம். நம் பாட்டிகள் அந்த நேரம் பார்த்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். நாமோ அதே நேரம் பார்த்து "கொஞ்சம் குறைச்சுக்க" என்கிறோம்.

மெலிய வைக்கும் தேநீர், மாத்திரை ஏதாவது அறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத்தில் விற்கும் அப்படிப்பட்ட பொருட்களில், 2010இல் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருப்பதாக சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அது இதயத்தைத் தாக்கும். பேதி மருந்து வேலை செய்வது பெருங்குடலில். சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும், அதனால் குறைவது தண்ணீரும் உப்பும் மட்டுமே.

ஒருவேளை மருத்துவர் "எடை உண்மையிலேயே கொஞ்சம் அதிகம்தான்" என்று சொன்னால்? அப்போதும் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம். வீடே சேர்ந்து மாற வேண்டும், இல்லையென்றால் யாருமே மாற வேண்டாம். தம்பிக்குக் கோழிப்பொரியல், அக்காவுக்கு சாலட் என்றால் அதைவிடப் பெரிய அவமானம் அந்த வயதில் இல்லை. கழுத்தின் பின்புறம் தோல் கருத்துத் தடித்திருந்தால் அதை அழுக்கு என்று தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக அது இருக்கலாம். மாதவிலக்கு தாறுமாறாக வந்தால் சினைப்பை நீர்க்கட்டிக்கும் பார்க்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயங்கள், பிள்ளையின் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள்.

மகன் இருப்பதால் ஒரு வார்த்தை. பையன்களுக்கும் இது வரும், வேறு உருவத்தில். தேசிய சேவை (கட்டாய ராணுவப் பயிற்சி) நெருங்க நெருங்க உடற்பயிற்சிக் கூடம், புரோட்டீன் பவுடர், கோழி நெஞ்சுக்கறி மட்டும் என்று ஆரம்பிப்பார்கள். பிறந்தநாள் கேக்கைக்கூடத் தொட மறுத்தால் அதுவும் இதே கதைதான்.

இப்போது ரவிக்கை. அத்தைக்கு முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள், கணவரே அனுப்பினால் இன்னும் நல்லது, அவர் தங்கைதானே: "பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருக்கோம். பார்க்கும்போது உடம்பைப் பத்தியோ சாப்பாட்டைப் பத்தியோ ஒண்ணும் சொல்ல வேணாம். படிப்பு, நடனம் எது வேணாலும் கேளு." தேக்காவில் தைக்கக் கொடுத்தால் நமக்குத் தெரிந்த காட்சிதான். தையற்காரம்மா நாடாவைச் சுற்றி, கடை முழுக்கக் கேட்கும்படி அங்குலத்தை உரக்கச் சொல்வார், இன்னொருவர் எழுதிக்கொள்வார். முதல் நாளே போன் செய்து, அளவை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்கள். உள்ளே பிரித்துவிடத் துணி நிறைய விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், சாப்பிட ஆரம்பித்ததும் தேவைப்படும். அதற்கும் அவள் வர மாட்டேன் என்றால் இந்த ஒரு முறை சேலையை விடுங்கள். தொளதொளவென்று ஒரு குர்தியை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அன்றைக்கு மண்டபத்தில் அவள் தட்டோடு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், எனக்கு அது போதும்.